அரிசிப் பையும் பத்து நிமிடமும்

பனிக்குள் புதைந்து ஆறு நிமிடம் ஆகிவிட்டது. ஆதிரை முழங்காலில் தவழ்ந்தபடி தேடும் கருவியைப் பனியோடு ஒட்டிப் பிடித்தாள். பீப் சத்தம் வேகமாகிக்கொண்டு வந்தது.

"இன்னும் நாலு நிமிசம்," என்றாள் அம்மா சந்திரகாந்தி, மணிக்கூட்டிலிருந்து கண்ணை எடுக்காமல்.

புதைந்திருந்தது ஆள் இல்லை, அரிசிப் பை. அதற்குள் சிக்னல் அனுப்ப இன்னொரு கருவி, அம்மா யாரிடமோ இரவல் வாங்கி வந்தது.

மலையேறி ஸ்கீப் பலகையில் சறுக்கி இறங்கப் போகிறேன் என்று மகளும், பனிச்சரிவில் சாகவோ என்று தாயும் மூன்று வருடமாகச் சண்டை. அகப்பட்டவரைப் பத்து நிமிடத்தில் எடுத்தால் அநேகமாகப் பிழைத்துவிடுவார் என்று ஆதிரை வாயைக் கொடுத்தாள். அம்மா அதையே பிடித்துக்கொண்டாள். ஸ்டுட்கார்ட்டிலிருந்து ஆல்கொய் மலையடிவாரம் வரை வந்து, பையைத் தன் கையாலேயே புதைத்தாள்.

"பத்து நிமிசத்திலை எடு. இல்லாட்டி இந்தக் கதையை இதோடை விடு."

தொடங்க முதலே, "போனை இஞ்சை தா," என்று பறித்துக்கொண்டு தூரப்போய் நின்றுவிட்டாள். இருபத்தாறு வயதிலும் போன் பறிமுதல். ஆதிரைக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

இப்போது கோபப்பட நேரமில்லை. நீளக் கம்பியால் குத்தினாள். மூன்றாவது குத்தில் மெத்தென்று தட்டுப்பட்டது. பனி அள்ளும் சவளை எடுத்து, சரிவின் கீழ்ப்பக்கமிருந்து மூச்சிரைக்க வெட்டி அள்ளினாள்.

பை வெளியே வந்தது.

"ஒன்பது நிமிசம், இருபது செக்கன்."

ஆதிரை பையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு பனியில் உருண்டாள். "அப்ப நாளைக்கு நான் போகலாம்தானே அம்மா?"

"ஓம்."

அம்மா போய்க் காரின் பின்கதவைத் திறந்து, போர்வையை விலக்கினாள். அடியில் கீறல் விழுந்த ஒரு சோடி ஸ்கீ, சவள், கம்பி. பக்கத்தில் பனிச்சரிவுப் பயிற்சி முடித்த சான்றிதழ், போன குளிர்காலத்தில் கொடுத்தது. அதில் சந்திரகாந்தி என்று பெயர்.

ஆதிரை சான்றிதழைக் கையில் எடுத்தாள். "அப்ப போன வருசம் சனிக்கிழமை சனிக்கிழமை கோயிலுக்குப் போனது?"

"ரெண்டு கிழமைதான் போனனான்," என்று போனைத் திருப்பி நீட்டினாள் அம்மா. "இது கிட்ட இருந்தால் கருவி குழம்பும். அதுதான் வாங்கினனான்."

"பிறகேன் எனக்கு இந்தச் சோதினை?"

அம்மா குனிந்து ஸ்கீச் சப்பாத்தை மாட்டத் தொடங்கினாள்.

"என்னைத் தோண்டி எடுக்க உன்னாலை ஏலுமோ எண்டு பாத்தனான்."