அடுப்படியைப் பார்க்கிற மெஷின்

"டேய், அந்த மெஷினை உடைக்காம இன்னிக்கு நான் எறங்க மாட்டேன்!"

பக்கத்து வீட்டு பாய்லர்காரர் இரும்புக் கம்பியோடு மொட்டை மாடிக்கு ஏறி வந்துவிட்டார். பாய்லர் பார்த்த ஆலையை மூடியதிலிருந்து சுவரைப் பார்த்துப் படுத்தே கிடந்த மனுஷன். ஒரு மாடி ஏறியதற்கே மூச்சு இரைத்தது.

வெல்டர் தன் தொலைநோக்கியை மறைத்துக்கொண்டு நின்றான். சோற்றுத் தூக்கு அளவுதான் அது. ராத்திரி ஷிப்டாகப் பார்த்து, உடம்பைக் கரைத்து வாங்கியது.

"என்னண்ணே ஆச்சு?"

"தினமும் எங்க அடுப்படியை இதுல பார்க்கிறியாம். எம் பொண்டாட்டி சொல்லி அழுவுறா."

"இது ஆகாசத்தைப் பார்க்கிற மெஷின்ணே. அடுப்படியில நான் என்ன, உப்பா பார்க்கப் போறேன்?"

"வாய் வேறயா?" கம்பி உயர்ந்தது.

வெல்டர் அவசரமாகச் செல்போனை நீட்டினான். "அது பார்க்கிறதுதான் இதுல வரும். நீங்களே பாருங்க."

கறுப்புத் திரையில் அழுக்குப் பஞ்சு மாதிரி ஏதோ கிடந்தது.

"என்னடா இது, புகையா?"

"நெபுலாண்ணே. வாயு மேகம். நட்சத்திரம் பொறக்குற எடம். மெஷின் படத்து மேல படமா அடுக்கிக்கிட்டே இருக்கும். நேரம் ஆக ஆகத்தான் தெளியும். ஆடினா போச்சு, கம்பியைக் கீழ வைங்க."

கம்பி கீழே போனது. பஞ்சில் மெல்லச் சிவப்பு ஏறியது. பாய்லர்காரர் சப்பணம் போட்டு உட்கார்ந்தார்.

"காத்து பத்தலன்னா உலை இப்படித்தான் எரியும்."

"அங்க காத்தே இல்லண்ணே. நட்சத்திரச் சூட்டுல மேகம் தானா ஒளிருது."

"கரி அள்ளிப்போட ஆளே இல்லாமயா?"

"ஆளே இல்லாம."

"அங்கயும் ஆளைக் குறைச்சுட்டானா?"

படம் முடிகிறவரை அவர் நகரவில்லை. இறங்கும்போது முறைத்தார். "நாளைக்கும் வருவேன். அடுப்படிப் பக்கம் திரும்புதான்னு பார்க்கணும்ல."

மறுநாள் காலையில் அவர் மறந்து விட்டுப்போன கம்பியை எடுக்க அவர் மனைவி வந்தாள்.

"கோவிச்சுக்காதீங்க தம்பி. கோவம் வந்தாத்தான் அந்த மனுஷன் எழுந்திரிப்பாரு. வேற வழி தெரியல. இன்னிக்கு சவரம் பண்ணிக்கிட்டு நிக்கிறாரு."

"அதுக்கு எம் மெஷின்தான் கெடைச்சுதா அண்ணி? மெஷின் எந்தப் பக்கம் திரும்பியிருக்குன்னு அவரு அடுப்படி ஜன்னல்ல நின்னு பார்த்திருந்தா உங்க பொய் மாட்டியிருக்குமே?"

"எங்க அடுப்படிக்கு ஏது தம்பி ஜன்னல்?" என்றாள் அண்ணி, கம்பியை எடுத்துக்கொண்டு. "கட்டிக்கிட்டு வந்து இருபது வருஷமாச்சு. அவருக்கு இன்னும் அது தெரியாது."