சத்தம் கேட்கும் கேமரா

கேப் கனாவெரல் ஏவுதளத்தருகே, சத்தம் கேட்டதும் தானே படமெடுக்கும் கேமராவைப் பத்திரிகைப் புகைப்படக்காரர் ராய்ஸ் பொருத்தினார். நாளை ராக்கெட் கிளம்பும்வரை யாரும் இங்கே வரமுடியாது.

கைதட்டினார். "கிளிக்குன்னுச்சா?"

"ம்," என்று தலையசைத்தாள் புதிதாக உதவிக்குச் சேர்ந்த டெல்லா.

மறுபடி தட்டினார். "இப்போ?"

"பக்கத்துலதானே நிக்கிறீங்க? எனக்குப் பரீட்சை வைக்கிறீங்களா?"

"இது தப்பினா அட்டைப்படம் போச்சு. சொல்லும்மா."

"கிளிக்குன்னுச்சு, போதுமா!"

மறுநாள் ராக்கெட் எழும்பியபோது எல்லோரும் காதைப் பொத்தினார்கள். ராய்ஸ் மட்டும் காரின்மேல் உள்ளங்கைகளைப் பதித்து நின்றார்.

மாலையில் டெல்லா கேமராவைத் திறந்தாள். முதல் தீப்பிழம்பே துல்லியமாக விழுந்திருந்தது.

"ராய்ஸ்! அட்டைப்படம் நம்மளுதுதான்!"

முதுகைக் காட்டி நின்றவர் திரும்பவில்லை. ஓடிப்போய்த் தோளைத் தொட்டாள்.

"முகத்தைப் பார்த்துச் சொல்லும்மா. காது போய் இருபது வருஷமாச்சு. உதட்டைப் பார்த்துதான் எல்லாம்."

டெல்லா நேரெதிரே வந்து நின்று, நிதானமாகச் சொன்னாள்: "அடுத்த ராக்கெட்டுக்கும் கிளிக்கைக் கேட்க நானே வரேன்."