வலப்பக்கம் பார்த்த கிளி

ராமதாஸ் நீட்டியது ஒரு பழைய மஞ்சள் பை.

துவைத்துத் துவைத்து வெளுத்துப்போன அந்தப் பையில் பச்சை மையில் ஒரு கிளி. கிளிக்குக் கீழே, ‘பச்சையம்மாள் ஜவுளி ஸ்டோர், திருவூடல் தெரு, திருவண்ணாமலை.’

கஸ்தூரிக்கு அந்தக் கிளியைத் தெரியும். அவளுடைய தீபாவளிப் பாவாடைகள் எல்லாம் அந்தப் பையில்தான் வீட்டுக்கு வந்தன.

சின்ன வயசில் அம்மாவோடு அடி அண்ணாமலையிலிருந்து டவுன் பஸ் ஏறி வருவாள். கடையில் ராமதாஸ் புடவையின் ஒரு நுனியைப் பிடித்துக்கொள்வார். அவருடைய தம்பி அன்பரசன் மறு நுனியோடு வாசல் வெளிச்சம் வரைக்கும் போவார். இரண்டு பேருக்கும் நடுவில் புடவை விரிந்து நிற்கும். அதற்கு அடியில் குனிந்து ஓடுவதுதான் கஸ்தூரிக்கு விளையாட்டு. இரண்டு பேரில் ஒருவரும் அவளை அதட்டியதில்லை.

இப்போது அந்தக் கடையின் நடுவே சுவர் எழும்பியிருந்தது. தங்கள் அப்பா போன மறு வருஷமே அண்ணனும் தம்பியும் பாகம் பிரித்துக்கொண்டார்கள். தெருவில் நின்று பார்த்தால் வலது பாதி அண்ணனுக்கு, இடது பாதி தம்பிக்கு. பச்சையம்மாள் என்ற தங்கள் அம்மாவின் பெயரை மட்டும் இரண்டு பேருமே விட்டுக்கொடுக்கவில்லை.

“புது போர்டுக்கு ஸ்டிக்கர் வெட்டணும்மா,” என்றார் ராமதாஸ். “ஸ்டுடியோல போட்டோ புடிச்சு சிடியில போட்டுக் குடுத்தாங்க. வேங்கிக்கால்ல மெஷின் வச்சிருக்கிறவரு, இது ஆகாதுன்னுட்டாரு.”

“அது படம்ணா. மெஷினுக்குப் படம் தெரியாது. கத்தி போறதுக்குக் கோடு வேணும். நான் வரைஞ்சு தர்றேன்.”

அது இரண்டாயிரத்து மூன்று. ஸ்டிக்கர் வெட்டுகிற மெஷின் ஊருக்கு வந்த புதிது. அதற்கு ஏற்ற மாதிரி ஃபைல் போட்டுக் கொடுக்க, கோயில் பக்கத்தில் கஸ்தூரியின் கம்ப்யூட்டர் கடை ஒன்றுதான் இருந்தது.

பையை ஸ்கேனரில் வைத்து மூடினாள். திரையில் நூலிழைதான் பெரிதாகத் தெரிந்தது. கிளி அதற்குள் எங்கோ மங்கிக் கிடந்தது. மவுஸால் புள்ளி புள்ளியாக வைத்து மூக்கைப் பிடித்தாள், கழுத்தைப் பிடித்தாள். வால் மட்டும் சரியாக அமையாமல் மத்தியானம் வரை இழுத்தது. பெயரையும் கோடாகவே மாற்றினாள். இந்தத் தமிழ் ஃபான்ட் வேங்கிக்கால் கம்ப்யூட்டரில் இருக்காது. அப்படியே அனுப்பினால் பச்சையம்மாள் அங்கே போய் வெறும் கிறுக்கலாகிவிடுவாள்.

ஃப்ளாப்பியை வாங்கிக்கொண்டு வாசல் வரை போன ராமதாஸ் திரும்பினார்.

“இந்த ஃபைலை வேற யாருக்கும் குடுத்துடாதம்மா.”

தம்பியைத்தான் சொல்கிறார் என்று கஸ்தூரிக்குப் புரிந்தது.

சில நாள் கழித்து அன்பரசன் வந்தார். வெறுங்கையோடு வந்தார்.

“கிளி உங்கிட்ட இருக்காமே.”

கஸ்தூரிக்குச் சங்கடமாகப் போயிற்று. “பெரியவரு யாருக்கும் குடுக்கக் கூடாதுன்னு சொல்லிட்டாருண்ணா.”

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. திரையில் இருந்த கிளியைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

“அவரு கிளி எனக்கு வேணாம்மா. அது இடப்பக்கம் பாக்குது. என்னோடது வலப்பக்கம் பாக்கணும்.”

பறவையின் முகத்தைக்கூட ஒரே பக்கம் வைத்துக்கொள்ள மாட்டார்கள் போலிருக்கிறது என்று நினைத்தாள் கஸ்தூரி. திருப்பிவிட்டால் அது வேறு படம்தானே, கொடுத்த வாக்கு மீறியதாகாது என்று தனக்குத் தானே சமாதானமும் சொல்லிக்கொண்டாள். ஒரு பட்டனைத் தட்டியதும் கிளி திரும்பிக்கொண்டது. கொடுத்து அனுப்பிவிட்டாள். ஆனாலும் உள்ளுக்குள் உறுத்திக்கொண்டே இருந்தது.

தீபாவளிக்கு முந்தின வாரம், ஒரு காலையில், திருவூடல் தெரு வழியாக நடந்தவள் நின்றுவிட்டாள்.

இரண்டு போர்டும் ஏறியிருந்தன. அண்ணன் கடை போர்டில், சுவரை விட்டு எவ்வளவு தள்ள முடியுமோ அவ்வளவு தள்ளி, வலது கோடியில் கிளி. தம்பி கடை போர்டிலோ நடுச்சுவரை ஒட்டினாற்போலக் கிளி. அது இடப்பக்கம் பார்த்தது. இது வலப்பக்கம் பார்த்தது.

இரண்டும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டிருந்தன.

அதே ஃபைலை அப்படியே கொடுத்திருந்தால், தம்பி கடைக் கிளி அண்ணன் கடைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும். இது அவளுக்கு அன்றைக்குத் தோன்றவே இல்லை.

அப்போதுதான் பக்கத்தில் ஆள் நிற்பதைக் கவனித்தாள். ராமதாஸ். தெரு நடுவில் நின்று, தலையை நிமிர்த்தி, போர்டுகளையே பார்த்துக்கொண்டிருந்தார். பின்னால் வந்த ஆட்டோக்காரர் ஹாரன் அடித்தது அவர் காதில் விழவில்லை.

கஸ்தூரி ஓரடி அவர் பக்கம் நகர்ந்தாள். “அண்ணா, அன்னிக்கு அவரு வந்து...”

அவர் அவளைப் பார்க்கவில்லை.

“ஒட்டின ஸ்டிக்கரைப் பிரிச்சு எடுத்து, நகத்தி ஒட்ட முடியுமாம்மா?”

எந்த ஸ்டிக்கரைச் சொல்கிறார் என்று கேட்க அவளுக்குத் துணிவில்லை. “பிரிச்சா கிழிஞ்சிடும்ணா. புதுசாத்தான் வெட்டணும்.”

“அப்ப நம்ம கிளியைப் புதுசா வெட்டச் சொல்லும்மா,” என்றார் ராமதாஸ். “அந்தக் கடைசியில வேணாம். செவுத்தோரமா வரட்டும்.”