முப்பத்தாறு கிலோ

“முப்பத்தாறுக்கு வரோணும், மிஸ். அடுத்த மாதக் கடைசியிலை படம் எடுக்கினம். அதுக்கு எந்த டயட் சரிவரும்?”

தராசில் நின்றபடியே கேட்ட சிவனேஸ்வரியைத் தாதி யதுர்ஷிகா நிமிர்ந்து பார்த்தாள். வயது நாற்பத்தேழு, தராசின் முள் அறுபத்தேழில் நின்றது. வன்னியில், மாங்குளத்துக்கு உள்ளேயிருந்த அந்தச் சின்னக் கிளினிக்கில் காத்திருந்த பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

“முப்பத்தாறோ! அன்ரி, அது பள்ளிக்கூடப் பிள்ளையின்ர நிறை. உங்கட உயரத்துக்கு அம்பது வந்தாலே காணும்.”

“இல்லை மிஸ், முப்பத்தாறுதான் வேணும். முந்தி நான் அப்பிடி இருந்தனான்.” பொலித்தீன் பைக்குள்ளிருந்து பழைய நோயாளர் மட்டை ஒன்றை எடுத்து நீட்டினாள். நிறை: 36.

யதுர்ஷிகா அந்த எண்ணை மட்டும் பார்த்துவிட்டு மட்டையை மேசையில் வைத்தாள். குமர்க்கால நிறை திரும்பி வராதா என்று ஏங்குகிறவர்களை அவள் தினமும் பார்க்கிறாள். “அப்ப என்ன டயட் செய்தனீங்கள்?”

“கஞ்சி. உப்புப் போட்ட கஞ்சி, ஒரு நேரம். மூண்டு மாதத்திலை இருபது கிலோ குறைஞ்சது.”

முன் கதிரையில் இருந்த வயதான பெண் சட்டென்று சிரிப்பை நிறுத்தினார். வவுனியா நகரத்தில் பிறந்து வளர்ந்த யதுர்ஷிகா அதைக் கவனிக்கவில்லை.

“கஞ்சியெல்லாம் சரிவராது, அன்ரி. சத்தில்லாமல் விழுந்துபோவியள்.”

“அப்ப கீட்டோ? யூடியூப்பிலை காட்டுறாங்கள். சோறில்லாமல் முட்டையும் இறைச்சியும்.”

“நிறை குறையும், சீனியும் இறங்கும். நான் இல்லையெண்டு சொல்லேல்லை. ஆனா போன முறை ரிப்போட்டிலை உங்கட கிட்னி கொஞ்சம் பழுதெண்டு வந்தது. அவ்வளவு இறைச்சியை அது தாங்காது.”

“பதினாறு மணித்தியாலம் சாப்பிடாமல் இருக்கிறது எப்பிடி? பக்கத்து வீட்டு ராஜினி ஒன்பது கிலோ குறைச்சவள்.”

“ராஜினி சீனி வருத்தத்துக்குக் குளிசை போடுறவவோ? நல்ல சுகமான ஆளுக்கு அது நல்லதுதான். நீங்கள் குளிசையைப் போட்டிட்டுப் பட்டினி கிடந்தா நித்திரையிலையே போயிடுவியள்.”

சிவனேஸ்வரி விரலை நீட்டினாள். ஊசி குத்திப் பார்த்தபோது சீனி ஐம்பத்தெட்டுக்கு இறங்கியிருந்தது. யதுர்ஷிகாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

“காலமை என்ன சாப்பிட்டனீங்கள்?”

“பிளேன்ரி. சீனி போடாமல்.”

“நேற்று?”

“நேற்றும் அதுதான்.”

விடிய முன் எழும்பிச் சந்திக் கடைகளுக்கு நூற்றைம்பது இடியப்பம் அவித்துக் கொடுக்கிற மனுஷி, அதில் ஒன்றைக்கூட வாயில் வைக்காமல் வந்திருக்கிறாள். யதுர்ஷிகா ஓடிப்போய்ச் சீனி அள்ளிப்போட்ட தேத்தண்ணியைக் கொண்டுவந்து அவளுடைய கையில் திணித்தாள்.

“குடியுங்கோ! செத்துப்போவியள், அன்ரி. ஒரு படத்துக்காகவோ இந்தக் கூத்து?”

“படம் எடுக்கும்வரைக்கும் இருந்தாக் காணும், மிஸ்.”

“அப்பிடி ஆருக்கு அந்தப் படம்?”

“மகளுக்கு. ஒருத்திதான் எனக்கு. இப்ப இருபத்திமூண்டு வயசு.”

“எங்கை இருக்கிறா?”

“வெளியிலை... எங்கையோ.”

வெளியிலை என்றால் இங்கே எல்லோருக்கும் கனடாதான், சுவிஸ்தான். யதுர்ஷிகாவும் அப்படியே எடுத்துக்கொண்டாள். பாவம், தனிய இருக்கிற தாய் என்று அவளுடைய கோபமும் ஆறிப்போனது.

“குண்டு அம்மாவைக் கண்டா மகள் வெட்கப்படுவாவோ?”

“வெட்கமில்லை, மிஸ். மட்டுக்கட்ட மாட்டாள்.”

“பெத்த தாயை அடையாளம் தெரியாமல் போகுமோ? நம்பரைத் தாங்கோ, வட்ஸ்அப்பிலை நானே அவவோடை கதைக்கிறன். அம்மாவைச் சாப்பிடச் சொல்லுங்கோ எண்டு பேசுறன்.”

“நம்பர் இல்லை. பேப்பர்காரர்தான் படம் எடுக்கினம், பேப்பரிலை வந்தா எங்கையிருந்தாலும் காணுவாள்.”

மகளுக்கு அனுப்புகிற படம் ஏன் பேப்பரில்? சாப்பாட்டு அட்டவணை எழுதத் தொடங்கியிருந்த யதுர்ஷிகா, எதையோ நினைத்து அந்த மட்டையை எடுத்துத் திருப்பினாள். பின்பக்கம் தண்ணீர் பட்டு ஊறிப்போயிருந்தாலும் எழுத்துத் தெரிந்தது. முகாம் வைத்தியசாலை, 2009 மே 21.

பேனை நின்றுவிட்டது. போர் முடிந்த மாதம். அதற்குப் பிறகு பதினேழு வருடம். இருபத்திமூன்றில் பதினேழு போனால் ஆறு. தான் கேட்ட ஒவ்வொரு கேள்விக்கும் இந்த மனுஷி உண்மையைத்தான் சொல்லியிருக்கிறாள் என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

“அன்ரி, உங்கட பழைய படம் ஒண்டுகூட இல்லையோ?”

“எல்லாம் வழியிலை விட்டாச்சு, மிஸ். சனநெரிசலிலை, பிடிச்சிருந்த அவளின்ர கையையும்.”

சிவனேஸ்வரி அரைவாசி குடித்த தேத்தண்ணியைக் கீழே வைத்துவிட்டு, மட்டையை வாங்கிப் பொலித்தீன் பைக்குள் பத்திரமாகச் சுற்றினாள்.

“பிள்ளை கடைசியாக் கண்டது முப்பத்தாறு கிலோ அம்மாவைத்தான்.”