திருப்பிச் சொல்லு

“எந்தக் காலேஜ்னு முடிவு பண்ணிட்டியா?” என்று கேட்டாள் ஆர்டிஸ்.

மகள் மாரிட் ஜன்னலுக்கு வெளியே கொட்டும் பனியைப் பார்த்தாள். “நம்ம கிராண்ட் ஃபோர்க்ஸ்லயே விமானக் கட்டுப்பாடு படிக்கலாமாம்மா?”

“வேணாம். ஃபுளோரிடாவுக்குப் போ. அங்கதான் பயிற்சிக் கோபுரம் அசல் மாதிரியே இருக்கு. என் காலையே சுத்திக்கிட்டு இருக்காதே. எங்க, திருப்பிச் சொல்லு.”

ஆர்டிஸ் விமான நிலையக் கட்டுப்பாட்டுக் கோபுரத்தில் வேலை பார்த்தவள். சொன்ன உத்தரவை விமானி அப்படியே திருப்பிச் சொன்னால்தான் அங்கே செல்லும். வீட்டிலும் அதே சட்டம்தான்.

‘ஃபுளோரிடாவுக்குப் போறேன்’ என்று சொல்லத்தான் மாரிட் வாயெடுத்தாள். ஏனோ இன்றைக்கு வரவில்லை.

“என்ன, உன் ரேடியோ ரிப்பேரா?”

“போக மாட்டேன்மா. உன்கூடவே இருக்கேன்.”

திட்டு விழும் என்று நினைத்தாள். ஆர்டிஸ் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“நிஜமாவாடி? இருன்னு சொன்னா உன் படிப்பு பாழாயிடுமேன்னுதான் விரட்டினேன். நீ போயிட்டா எனக்கு யாரு இருக்கா?”

கதவைத் திறந்துகொண்டு முதியோர் இல்லத்து நர்ஸ் ஆர்டிஸின் மாத்திரையோடு வந்தாள். “கோபுரத்துல உங்க ஷிஃப்டுக்கு நேரமாகலையா மாரிட்? இன்னிக்கும் காலேஜ் பேச்சுதானா?”

மாரிட் நரைத்த முடியை ஒதுக்கிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ஃபுளோரிடாவில் படித்து முடித்து இருபது வருடங்களுக்கு மேலாகிறது. அம்மாவுக்குத் தன்மேல் பாசமே இல்லை என்று அத்தனை வருடமும் நம்பியிருந்தாள்.

“அம்மா, இப்ப சொன்னியே, அதை ஒரு தடவை திருப்பிச் சொல்லேன்.”

“எதைடி?” ஆர்டிஸ் விழித்தாள். “அது கிடக்கட்டும். எந்தக் காலேஜ்னு முடிவு பண்ணிட்டியா?”