கூலிக்கு ஓடுபவன்

ஓட்டத்தை அளக்கும் கைக்கடிகாரத்தில் அன்றைய ஓட்டம் ஏறாத வீட்டில், அதோடு இணைத்த அடுப்பு எண்ணெய்ச் சட்டியைச் சூடாக்காது. அதனால் மதியழகன் தினமும் ரேஸ்கோர்ஸ் நடைபாதையில் கூலிக்கு ஓடும் கதிரவனின் கையில் தன் கடிகாரத்தைக் கட்டிவிட்டு, மனைவி பூங்கோதைக்குத் தெரியாமல் போண்டா கடைக்கு நடப்பான். கதிரவனுக்கு முழங்கை வரை ஊரார் கடிகாரங்கள்தான்.

இன்று முதல் போண்டாவைக் கடிக்கும்போதே போனில் கடிகாரச் செயலியின் செய்தி வந்தது: 'வாழ்த்துகள். நீங்களும் பூங்கோதையும் ஒரே வேகத்தில், ஒரே இதயத் துடிப்போடு சேர்ந்து ஓடுகிறீர்கள். ஊரிலேயே மனமொத்த தம்பதி நீங்கள்தான்.'

மதியழகன் மெல்லத் திரும்பினான். பின் பெஞ்சில் பூங்கோதை, வாய் நிறையப் போண்டாவும் கையில் அதே செய்தியுமாக உட்கார்ந்திருந்தாள்.

அவள் நிதானமாக மென்று விழுங்கினாள்.

"ஏனுங்க, அந்தச் சட்னிய இப்படி நகத்துங்க. கதிரவன் இன்னும் ரெண்டு சுத்து ஓடட்டும். சாயங்காலம் முறுக்கு சுடோணும்."