பாதியில திரும்பின கோடு

"ஏக்கா... முழிச்சிருக்கியா?"

"ஏலே நேசா, இன்னும் தூங்கலையா நீ?" அருள்செல்வி அக்கா எந்திரிச்சு உக்காந்தா.

"பயமா இருக்குக்கா. அந்தக் கம்ப்யூட்டரு தப்பாப் போட்டிருக்காதா?"

"பொன்னுராஜ் அண்ணனும் மொதல்ல அப்படித்தான் நெனச்சாரு."

பொன்னுராஜ் அண்ணன் ராஜபாளையத்துல எங்க தெருதான். இஞ்சினியரிங் படிக்காரு. மில்லு ஆளுங்களோட எக்ஸ்ரே படங்களக் கம்ப்யூட்டர்ல ஏத்துனா, நுரையீரல் எதுவரைக்கும் இருக்குன்னு அதுவே சுத்திக் கோடு போடும். அதான் அவரு புராஜெக்ட். எல்லார் படத்துலயும் கோடு அடி விலா வரைக்கும் எறங்குச்சாம். 'ஞானராஜ்'னு அப்பா பேரு போட்ட படத்துல மட்டும் எடது பக்கம் பாதியிலயே திரும்பிருச்சு. கம்ப்யூட்டர் கோளாறுன்னு நெனச்சு ஸ்ரீவில்லிபுத்தூர் டாக்டர்ட்ட காட்டியிருக்காரு. "கோடு சரிதான்பா. நெஞ்சுல நீர் கோத்திருக்கு. நாளைக்கே ஆளக் கூட்டிட்டு வா"ன்னுட்டாராம்.

"மருந்து இருக்குன்னு டாக்டரே சொல்லிட்டாரு. பொறவு என்னலே?"

"ஊசி குத்தி நீரை எடுப்பாங்களாமே. வலிக்குமாக்கா?"

"அப்பா தாங்குவாரு. பஞ்சுத் தூசில இருமிக்கிட்டே இத்தன வருசம் மில்லுக்குப் போற மனுசன். மில்லுல எல்லாருக்கும் எக்ஸ்ரேன்னதும்தான் அம்புட்டு நடுங்குனாரு. இருமல் தெரிஞ்சா வேலையவிட்டு நிப்பாட்டிருவாங்கன்னு."

"இன்னைக்கு எப்படி அழுதாரு பாத்தியா?"

"பாக்காம என்ன? உன்னையத்தான கட்டிப்பிடிச்சு அழுதாரு. எருமமாடு மாதிரி வளந்த பயலுக்குச் சோத்த வேற ஊட்டி விடுதாரு!"

எனக்குச் சிரிப்பு வரல.

"காலையில ஸ்ரீவில்லிபுத்தூருக்கு என்னையும் வரச் சொல்லிருக்காருக்கா."

"போயிட்டு வா. தொணைக்கு ஆளு வேணாமா? அவரு ஒசரத்துக்கு வந்துட்ட, அவரு சட்டையையும் விட்டு வைக்கல. இதக்கூடச் செய்ய மாட்டியா?"

சட்டைக் கையை இறுக்கிப் பிடிச்சுக்கிட்டேன். மூச்சு முட்டுச்சு.

"அன்னைக்கும் இந்தச் சட்டையத்தான் போட்டிருந்தேன்க்கா."

"என்னைக்குலே?"

"எக்ஸ்ரே எடுத்த அன்னைக்கு. எடுக்குறவரு வெளியூரு, அப்பாவத் தெரியாது. பேரு கேட்டாரு. ஞானராஜ்னு சொல்லிட்டு, அப்பாவுக்குப் பதிலா நான்தான்க்கா மிசினு முன்னால நின்னேன்."